சுல்மீராவின் மணிக்கட்டு

வெண்டைக்காயைக் கழுவின ஈரத்தோடு நறுக்கக் கூடாது என்று ஜுசாரா சொல்வதற்குள் காரியம் கெட்டுப்போயிருந்தது. பலகை, கத்தி, வால்தெமிரின் விரல்கள் எல்லாம் நூல் நூலாக இழுத்தன.

பிரேசிலில், பெலோ ஒரிசோஞ்சி நகரின் மேட்டுத் தெருக்களில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய கை. இப்போது வெண்டைக்காயிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி சுல்மீரா, வலது கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டபடி, முக்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

கொல்லையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள் அவள். மாவுக்கட்டு பிரித்து நாளாகிவிட்டது. ஆனாலும் ஒரு கரண்டிகூடத் தூக்கக் கூடாது என்று சுகாதார நிலையத்தில் கண்டித்துச் சொல்லிவிட்டார்களாம். அங்கிருந்துதான் ஜுசாரா வருகிறாள். முடங்கிப்போனவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குவது அவள் உத்தியோகம். வியாழன்தோறும் வருவாள். இது நான்காவது வியாழன்.

வந்தவள் சுல்மீராவின் கையைப் பழக்கிய மாதிரி தெரியவில்லை.

முதல் வாரமே வால்தெமிரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, அம்மாவுக்கு முடியவில்லை, இந்தப் பீன்ஸில் கல் பொறுக்கித் தாருங்கள் என்றாள். இரண்டாம் வாரம் வெங்காயம். மூன்றாம் வாரம் சோறு, அது அடிபிடித்தது. இன்று வெண்டைக்காய் போட்ட கோழி, கூடவே சோளமாவுக் களி.

“கிழவா, கத்தியப் பிடிக்கச் சொன்னா ஸ்டியரிங்கப் பிடிக்கிறியே,” என்றாள் சுல்மீரா.

வால்தெமிர் அடுத்த வெண்டைக்காயை எடுத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது.

தொட்டியில் ஊறுகிற படுக்கை விரிப்பைத் தானே பிழிந்து போட்டுவிடுவதாகச் சொல்லி ஜுசாரா கொல்லைக்குப் போனாள். கொடி எது என்று காட்ட வேண்டுமே என்று சுல்மீராவும் பின்னாலேயே போனாள். வெண்டைக்காயைத் தனியாக வதக்கிக் கோழியில் சேர்க்க வேண்டும், அடுப்பை விட்டு நகரக் கூடாது என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வதக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

விரிப்பின் ஒரு முனை ஜுசாராவிடம். மறுமுனை சுல்மீராவிடம். அவள் இரண்டு கையாலும் பிடித்து, கயிறு திரிப்பதுபோலத் திருகிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொட்டியது. கழுத்துத் துணி முதுகுப் பக்கம் கிடந்தது. இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வால்தெமிருக்கு ரத்தம் தலைக்கேறியது. நான்கு வாரம். வெங்காயத்துக்கு அழுத அழுகை வேறு.

மேசைமேல் ஜுசாராவின் கோப்பு கிடந்தது. இந்தத் திருட்டுத்தனத்தைக் கையும் களவுமாகக் காட்டிவிடுகிறேன் என்று, மனைவியின் தாளைத் தேடித் திறந்தார்.

முதல் தாளில் அவர் பெயர் இருந்தது.

அடுத்ததைப் புரட்டினார். அதிலும் அவர் பெயர்தான். சுல்மீராவுக்கென்று ஒரு தாள்கூட இல்லை.

நான்கு மாதமாக வாசல் கேட்டைத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தது. சவரம் இல்லை, சாப்பாடு அரைகுறை. டாக்டரிடம் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றார். மனநல ஆலோசகர் வந்தபோது கேட்டையே திறக்கவில்லை. மனைவி சொன்னது: ‘எதிர்லதான் உக்காந்திருக்காரு. ஆனா வீட்ல இல்ல.’

அதன்கீழே டாக்டர், நர்ஸ், ஜுசாரா மூவரும் கூடிப் பேசி எடுத்த முடிவு. இவரை எப்படியாவது அடுப்படியில் இறக்க வேண்டும். அதுவரை மனைவியின் மணிக்கட்டு குணமாகக் கூடாது.

வால்தெமிர் அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படித்தார்.

வாணலியிலிருந்து கருகல் வாடை வந்தது. ஓடிப்போய்க் கிளறினார். கோபப்பட வேண்டியதுதான், ஆனால் வெண்டைக்காய் காத்திருக்காதே. கிளறக் கிளற வழவழப்பு அற்று, துண்டுகள் உதிரி உதிரியாகப் பிரிந்தன. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தார். இன்னொன்றும் போட்டுக்கொண்டார்.

பிறகு கோப்பை மூடி, முன்பு கிடந்த மாதிரியே கொஞ்சம் கோணலாக வைத்தார்.

பெண்கள் திரும்பி வந்தபோது சுல்மீராவின் கை பழையபடி துணிக்குள் இருந்தது. மூவரும் சாப்பிட்டார்கள். களி கட்டி தட்டியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. வால்தெமிர் இரண்டாம் முறையும் தட்டை நிரப்பிக்கொண்டார். சுல்மீரா அதைக் கவனிக்காதவள்போலக் கவனித்தாள்.

கிளம்பும்போது ஜுசாரா, அம்மாவுக்குக் கை தேறிவருகிறது, இன்னும் ஒரு வாரம் போதுமோ என்னவோ என்று மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

வால்தெமிர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மனைவியின் மணிக்கட்டைத் துணியிலிருந்து பதனமாக வெளியே எடுத்து, பெரிய டாக்டர் மாதிரி அப்படியும் இப்படியும் திருப்பினார்.

“எங்க தேறுது? வீக்கம் அப்படியே இருக்கு. ஜூன் திருவிழா வரைக்குமாவது ஆகும். அடுத்த வியாழக்கிழமை பன்னி விலாவெலும்பு வைக்கப்போறேன். சந்தைக்கு நானே போய் வாங்கிட்டு வந்துடறேன். இந்தக் கைய வெச்சுக்கிட்டு இவ எப்படிப் பை தூக்குவா?”

ஜுசாரா சட்டென்று குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

வால்தெமிர் கட்டைவிரலால் மணிக்கட்டை லேசாக அழுத்தினார்.

“வலிக்குதா?”

சுல்மீரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தாமதமாகத்தான் “ஆ” என்றாள்.