நாடாத் தழும்பு

புல்லறுக்கும் பேச்சியம்மாளுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். சுகாதார நிலையத்துக் கேமரா அவள் உடம்பைப் பார்த்துவிட்டு, "இடுப்பில் பாவாடை நாடாத் தழும்பு மட்டுமே. இயல்பு," என்றது. அது நோய் என்று சொன்னால்தான் திறக்கும் மருந்து அலமாரி திறக்கவில்லை.

நர்ஸ் எஸ்தர் நாடாவைத் தளர்த்திப் பார்த்தாள். தழும்பின் நடுவே உளுந்தளவு கறுப்புப் பொருக்கு இருந்தது. உண்ணி கடித்த இடம்; உண்ணிக் காய்ச்சலின் அடையாளம்.

"உனக்குப் பாடம் எடுத்தவங்கள்ல ஒருத்தராவது பாவாடை கட்டியிருந்தா இது தெரிஞ்சிருக்கும்," என்றாள் கேமராவிடம்.

கடப்பாரையால் பூட்டை உடைத்து மாத்திரையை எடுத்தாள்.

"அத்துமீறல். காரணம் சொல்லவும்."

"போன மாசம் முப்புடாதியையும் இப்படித்தான இயல்புன்னு அனுப்பின. நேத்து அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம்."

கேமரா பதிவேட்டைத் தேடியது.

"முப்புடாதி, இயல்பு. அதன்பின் அவருக்குக் காய்ச்சல் வரவில்லை."