லேசான துப்பாக்கி

கோடியாக் தீவின் துப்பாக்கிக் கடை ஜன்னலில் மழை வழிகிறது. மார்ஃபா தோலுறையை மார்பில் கட்டி, பெரிய குண்டு போடும் அந்த லேசான ரிவால்வரைச் செருகிக்கொண்டு, பெர்ரி பறிப்பவளைப் போலக் குனிகிறாள், நிமிர்கிறாள், மறுபடி குனிகிறாள். "சுட்டா மணிக்கட்டு கழண்டுரும்க்கா. கனமானதே எடுத்துக்க," என்கிறான் கடைக்கார வெர்ன். "கனமானது வீட்ல இருக்குப்பா. கரடி பாஞ்ச அன்னிக்கு அது படகுல சொகமா படுத்திருந்துச்சு." கதவோரம் நிற்கும் கணவன் நிக்கிஃபோரின் கை, கன்னத்து நகத்தழும்பைத் தடவுகிறது. "நான்தான் இனிமே காட்டுப்பக்கமே வரலைன்னுட்டேனே, விடேன்." மார்ஃபா தன் மார்பிலிருந்து உறையை அவிழ்த்து, அவன் மார்பில் கட்டி, வாரை இழுத்து இறுக்குகிறாள். "எங்க, குனிஞ்சு பாருய்யா." வெர்ன் மழையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்கிறான். நிக்கிஃபோர் மெல்லக் குனிகிறான்.