உளவாளியைப் பார்த்துச் சிரித்தவள்

லை-கூன் மறுபடியும் சிரித்தாள். இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

பக்கத்து இருக்கையில் அவள் கணவன் சியு-ஃபாய்க்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் தன் பேச்சுக்கு இப்படி ஒரு நாளாவது சிரித்திருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

திரையில் உளவாளி தன் பேனாத் துப்பாக்கியை எதிரியின் நெஞ்சுக்கு நேராக நீட்டி அழுத்தினான். குண்டுக்குப் பதில் மை பீய்ச்சி உளவாளியின் வெள்ளைச் சட்டையே நாசமானது. மோங்காக் சினிமாக் கொட்டகை முழுக்க ஒரே ஆரவாரம். முன்வரிசையில் யாரோ கரும்பு மென்றபடி சிரித்துப் புரையேறி இருமினார்கள்.

உளவாளியாக நடித்தவன் டோங் யூ-வா. தைவானிலிருந்து ஹாங்காங்குக்கு இறக்கிய சரக்கு. ஆறடி உயரம், கன்னத்தில் குழி, கத்தியால் செதுக்கிய தாடை.

ஊர் மொழியான கான்டனீஸில் ஒரு வாக்கியம் பேச வராது அவனுக்கு. படப்பிடிப்பில் வாயசைப்புக்காக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நிற்பான். கோபமென்றால் வேகமாக எண்ணுவான், காதலென்றால் மெதுவாக. வசனத்தைப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறு ஆட்கள் பேசிச் சேர்ப்பார்கள்.

அந்த வேறு ஆட்களில் சியு-ஃபாயும் ஒருவன். போன வருஷம் வரை கதாநாயகன் என்றால் அவன் குரல்தான். சிகரெட்டில் தொண்டை கெட்டுக் கரகரத்ததும் வில்லன் பக்கம் தள்ளிவிட்டார்கள். இந்தப் படத்தில், மடியில் வாத்தைத் தடவிக்கொண்டே உலகத்தை அழிக்கத் திட்டம் போடும் வில்லனுக்கு அவன் பேசியிருந்தான். வாத்துக்கும் அவன்தான்.

உளவாளிக்குப் பேசியது தடியன் மாக். வழுக்கை, தொந்தி, முன்பல் இரண்டும் தங்கம். ஞாயிற்றுக்கிழமை மாஜோங் சூதாட்டம் ஆட வீட்டுக்கு வருவான். லை-கூன் ஊற்றித் தரும் சூப்பை வஞ்சனையில்லாமல் குடித்துவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே கிளம்புவான். தன் இடத்தைப் பிடித்துக்கொண்டானே என்ற தொழில் பொறாமை சியு-ஃபாய்க்கு அவன்மேல் உண்டு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த உடம்பைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

பயமெல்லாம் திரையில் தெரிந்த அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான்.

லை-கூன் இந்தப் படத்துக்கு வருவது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் சாயங்கால பஸ்ஸில் கூட வரும் டோப்பாத் தொழிற்சாலைத் தோழிகளோடு வந்ததாகச் சொன்னாள். இன்றைக்கு அவனும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று. எதைப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

பொறுக்கமுடியாமல் அவள் காதருகே குனிந்தான்.

"அவன் நெசத்துல என்ன சொல்றான் தெரியுமா? பதினாறு, பதினேழு, பதினெட்டு. நம்ம மீன்கடைக்காரன்கூடத்தான் தினமும் எண்ணுறான். அவனைப் பாத்து ஈன்னு இளிப்பியா?"

"ஷ்ஷ்! கொஞ்சம் வாய மூடிட்டு இருங்களேன். ஒண்ணும் கேக்கவிட மாட்டேங்குறீங்க."

அவன் முகம் சுண்டிப்போனது.

படத்தில் காதல் காட்சி வந்தது. எதிரி நாட்டு உளவுக்காரி அவனைப் படகின் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ரகசியத்தைச் சொல்லச் சொல்லித் துப்பாக்கியை நீட்டினாள். உளவாளி பெருமூச்சு விட்டான்.

"நாட்டைக் காப்பாத்துறதெல்லாம் பெரிய வேலையா? சாயங்காலம் நீ வர்ற பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நின்னுட்டு, நீ இறங்கினதும் பாக்காத மாதிரி திரும்பிக்கிறேன் பாரு, அதுதான் பெரிய வேலை."

சத்தமாய்க் கிடந்த கொட்டகை சட்டென்று அடங்கியது.

இதுதான் சமயம். அந்த மூஞ்சியை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய் என்னென்ன கேட்பது என்றுகூடத் தயாராக வைத்திருந்தான். மெல்லத் திரும்பினான்.

திரை வெளிச்சம் அவள்மேல் விழுந்திருந்தது. முகம் மலர்ந்திருந்தது.

கண்கள் மூடியிருந்தன.

தூங்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை. வசனத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் உதடு கூடவே அசைந்தது. உளவாளி மூச்சுவிட்ட இடத்தில் அவளும் மூச்சுவிட்டாள்.

ஆறடி உயர யூ-வா திரையில் எண்ணிக்கொண்டிருந்தான், அவள் பார்க்கவே இல்லை.

அந்த பஸ் வசனத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பது சியு-ஃபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. மாக் சொந்தமாக எடுத்துவிட்டது அது. அன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டியது சியு-ஃபாய்தான்.

இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான். ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது.

அதற்குள் காட்சி மாறிவிட்டது. உலகை அழிக்கப்போவதாக ஒரு கரகரத்த குரல் கொட்டகையில் முழங்கியது.

"உங்க ஆளு வந்துட்டாரு" என்று லை-கூன் அவன் கையைத் தட்டினாள். பிறகு கண்ணைத் திறந்து, மடியிலிருந்த பைக்குள் கணவாய்க் கருவாட்டுப் பொட்டலத்தைத் தேட ஆரம்பித்தாள்.