மாந்தோப்பில் நிற்கும் வண்டி

“வண்டிய ஊருக்குள்ள கொணாராதீங்க சிஸ்டர். மாந்தோப்பாண்டயே நிறுத்திட்டு நடந்து வாங்க. அப்பறம், கழுத்துல தொங்குற அந்த அட்டையும் வாணாம்.”

போனை வைத்த சிவசங்கரிக்கு எரிச்சலாக வந்தது. மூன்று வாரமாக இதே பாட்டுதான்.

குணப்படுத்த இனி வழியில்லை என்று ஆஸ்பத்திரி அனுப்பிவைத்த புற்றுநோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவள். திருப்பதியிலிருந்து தினமும் கிளம்புவாள். வடமாலபேட்டையைத் தாண்டி உள்ளடங்கிய இந்த ஊரில் வெங்கடசாமி என்ற பெரியவருக்கு வயிற்றில் புற்று. போனில் பேசியது அவர் மருமகள் கல்பனா.

“எனக்குக் காரணம் தெரியும் மேடம்” என்றான் டிரைவர் சுனில். “நம்ம வண்டிய ஜனங்க சாவு வண்டின்றாங்க. வாசல்ல நின்னா ஊருக்கே விஷயம் தெரிஞ்சிடும். அந்தம்மாவுக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்குது. அப்பறம் எவன் சம்பந்தம் பேச வருவான்?”

இருக்கும். சிவசங்கரி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தாள்.

கல்பனா வாசலில் நின்று எதிர்வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவளை உள்ளே விட்டாள்.

“யாராவது கேட்டா சர்க்கரை பாக்க வந்தேன்னு சொல்லுங்க சிஸ்டர்.”

சன்னலோரக் கட்டிலில் பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதல் நாள், “இன்னா, சாவுறதுக்கு நாள் குறிக்க வந்தியா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர்.

“நாள் குறிக்க வரல பெரியவரே. இருக்கிற நாள்ல வலியில்லாம இருக்க வழி பண்ணத்தான் வந்தேன்” என்று சொல்லி வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

இன்று அவரே பேச்சை ஆரம்பித்தார். “பாப்பா, நேத்து ஒரு உருண்டை களி துன்னேன். நாலு மாசமாச்சி களியத் தொட்டு!”

சிவசங்கரிக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே கோபமும் வெடித்தது.

“இவ்ளோ நல்ல மனுஷன இப்படி ஒளிச்சி வெச்சிருக்கீங்களே! இது என்ன திருட்டுச் சொத்தா? நோய் வந்தது அவர் குத்தமா?”

கல்பனா அவசரமாகப் போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

“மருமவள ஏசாத பாப்பா” என்றார் பெரியவர். “வண்டிய தூரமா நிறுத்தச் சொன்னதே நான்தான்.”

“நீங்களா? எதுக்கு?”

அவர் சன்னலைக் காட்டினார். எதிர்வீட்டு வாசலில் யாரும் இல்லை.

“அங்க பொன்னியம்மான்னு ஒரு பொம்பள. எனக்குத் தங்கச்சி மாதிரி. அதுக்கும் இதே சீக்குதான், கர்ப்பப்பையில. ரெண்டு பேரும் ஒரே பஸ்சுலதான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருந்தோம். புண்ணுதான், ஆறிடும்னு அதோட புள்ள சொல்லி வெச்சிருக்கான். எனக்கு நல்லா ஆயிடுச்சி, அதான் ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திட்டேன்னு நானும் சொல்லிட்டேன். இந்த வண்டி என் வாசல்ல நின்னா அதுக்கு எல்லாம் புரிஞ்சிடும் பாப்பா. மனசு வுட்டுடும்.”

சிவசங்கரி கல்பனாவின் கையைப் பிடித்தாள். “மன்னிச்சிடுங்க.”

“பரவால்ல சிஸ்டர். விஷயம் தெரிஞ்ச சொந்தக்காரங்களும் என்னத்தான் ஏசறாங்க.”

அடுத்த வாரத்துக்கான மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, தோப்புக்குத் திரும்பி நடந்தாள் சிவசங்கரி.

வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலைமுடியெல்லாம் கொட்டியிருந்தது.

“நீதான வெங்கடசாமி அண்ணன் ஊட்டுக்கு வர்ற நர்சம்மா? நான் எதிர் ஊட்டு பொன்னியம்மா.”

சிவசங்கரிக்குத் திக்கென்றது. “ஆமாம்மா. சர்க்கரை பாக்கறதுக்கு...”

“எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்மா எனக்கு” என்று, வண்டியில் ‘புற்றுநோய்’ என்று எழுதியிருந்ததைக் காட்டினாள் பொன்னியம்மா. “என் சீக்கும் இன்னான்னு எனக்குத் தெரியும். பெத்த புள்ள கதவுக்குப் பின்னால நின்னுக்கினு அழுவுறான், எனக்குத் தெரியாதா? இடுப்பு வலி தாங்க முடியல. அண்ணனுக்குக் குடுக்குற மாத்திரை எனக்கும் கெடைக்குமா?”

“நாளைக்கே டாக்டரைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரேம்மா.”

“ஊட்டுக்கு வாணாம். இங்கியே வா. நான் வந்துடறேன்.”

“இந்த உடம்போட ஏம்மா இவ்ளோ தூரம்?”

“அண்ணன் சன்னல் வழியா பாத்துடுவாரும்மா. நானாவது பொழச்சிக்குவேன்னு நம்பிக்கினு கீறாரு. போற நேரத்துல அதக் கெடுக்க வாணாம்.”