முழு மாடு

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பண்ணைக்காரர் கறி விற்பவர் அல்லர், மாடு விற்பவர். வாங்கினால் முழு மாட்டையும் வாங்க வேண்டும்.

ஆகவே, அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறு வீடுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு மாடு வாங்கும். கசாப்புக்காரர் அதை வெட்டி ஆறு கூறு போடுவார். ஒவ்வொரு கூறும் கறி, ஈரல், குடல், எலும்பு என எல்லாம் கலந்ததாக இருக்கும். பொறுக்கி எடுக்க இடமில்லை.

ஏற்பாடு செய்பவர் தரைத்தளத்துத் தையல்காரர். கட்டடமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும்.

இந்த ஆண்டு, மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஆபீசர் படிக்கட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு ஆட்சேபித்தார்.

"சுத்தமான கறி மட்டும் வாங்கலாம்மா. தலை, காலு, குடல்... இதெல்லாம் கதியத்தவங்க தின்றது."

இரண்டாம் மாடி டீச்சர் உடனே தலையாட்டினார். "ஆமாமா. எங்க வீட்டுல குடலைத் தொடக்கூட மாட்டோம்."

"தலையெல்லாம் பார்த்தாலே எனக்கு மயக்கம் வந்துடும்" என்றார் முதல் மாடி நர்ஸ்.

மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் ஆபீசர் பக்கம் நகர்ந்து நின்றார்கள். ஆபீசரின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா கழுத்தில் கிடந்த அளவுநாடாவைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சார், வெறும் கறியா நின்னு புல்லு மேயற மாடு எந்தப் பண்ணையிலயும் கிடையாது."

"மீதியை அந்தப் பண்ணைக்காரரே வெச்சுக்கட்டும்."

"அவர் தலையில எதுக்குக் கட்டணும்? முழுசா எடுத்துக்கறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"வாக்குக் கொடுத்தது நீங்க. அப்ப நீங்களே முழுசா வாங்கிக்குங்க."

யாரோ சிரித்தார்கள்.

"வாங்கிக்கறேன்" என்றார் அக்கா.

அக்காவின் வீட்டில் உண்ண இருந்தது ஒரே வாய், அதுவும் அவருடையது. கடையில் இருந்தவை இரண்டு தையல் மெஷின்கள். ஒன்றை விற்றார்; முழு மாட்டையும் வாங்கினார். கறி தேங்கிவிட்டால் அந்த மெஷின் போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கசாப்புக்காரர் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடையில், உடுப்புப் போட்டுப் பார்க்கும் மூலையின் திரை இழுத்து மூடியிருந்தது. பின்கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

டீச்சர்.

"அக்கா, வால் இருக்குமா? அவருக்கு முழங்கால் வலி."

"தொடக்கூட மாட்டீங்களே?"

"அது குடலைச் சொன்னேன். வாலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

மறுபடியும் கதவு தட்டப்பட்டது. டீச்சர் பதறிப்போய்த் திரையை விலக்கினார்; உள்ளே பார்த்துச் சற்றுத் தயங்கினார்; பிறகு ஒடுங்கி நுழைந்துகொண்டார்.

வந்தவர் நர்ஸ். "அக்கா, அந்தத் தலை..."

"மயக்கம் வராதா?"

"பார்த்தாத்தானே வரும். மூடிக் கட்டிக் கொடுங்க."

கட்டி முடிப்பதற்குள் மூன்றாவது தட்டல். நர்ஸும் தலையோடு திரைக்குள் போனார்.

இந்த முறை ஆபீசர். அக்குளில் ஒரு பையை மடித்து இடுக்கியிருந்தார்.

"அது... இருக்குதாம்மா?"

"எது சார்?"

"குடல்."

"காதுல சரியா விழல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

ஆபீசர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கம்மா கறிக்கடையில குடல் கழுவித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. தினமும் அதுதான் சாப்பாடு. வேலை கிடைச்சதுலேருந்து வாயில வெக்கல. எம் பொண்டாட்டி பெரிய இடத்துப் பொண்ணு. தெரிஞ்சா மதிக்க மாட்டா. ஒரு வாய் இங்கயே ஆக்கிக் கொடுத்தா, தின்னுட்டுப் போயிடறேன்."

அக்காவுக்கு ஒரு கணம் மனம் இளகியது. குரல் இளகவில்லை.

"ஒளிஞ்சு தின்ன இங்க இடமில்ல சார். அன்னிக்கு எந்தப் படிக்கட்டுல நின்னு கதியத்தவங்கன்னு சொன்னீங்களோ, அதே படிக்கட்டுல நின்னு 'குடல் எனக்கு'ன்னு சொல்லுங்க. கூடை நிறைய தர்றேன்."

"சொல்லலைன்னா?"

"முழு மாடும் என்னோடது. குடலை நான் தின்னுக்கறேன். நீங்க சுத்தமான கறிக்குக் கடைக்குப் போங்க."

திரைக்குப் பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"சொல்லிடுங்க சார். வால் எனக்குன்னு நானும் சொல்லிடறேன். தலை நர்ஸம்மாவுக்கு."

இருவரும் வெளியே வந்தார்கள். வந்ததும், டீச்சர் திரையை மறுபடி கவனமாக இழுத்து மூடினார்.

ஆபீசர் எழுந்தார். நேரே போய்ப் படிக்கட்டில் நின்றார். மூன்று மாடிக்கும் கேட்கும்படி, "குடல் எனக்கு" என்றார்.

அதன்பின் முடிவானவை இவை. மாலைக்குள் மற்ற ஐந்து வீடுகளும் தத்தம் பங்கைக் கேட்டு, பணம் கொடுத்து வாங்கிக்கொண்டன. அந்தப் பணத்தில் விற்ற மெஷின் அக்காவிடம் திரும்பி வந்தது. தோல் பதனிடுபவருக்கும், கொழுப்பு சோப்புக் காய்ச்சுபவருக்கும் போயின. கொம்புக்கு ஈடாக அக்கா பொத்தான்கள் வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டும் முழு மாடுதான் என்று பண்ணைக்காரருக்குச் சொல்லி அனுப்பப்பட்டது. சொல்லி அனுப்பியவர் ஆபீசர்.

இன்னொன்று அக்காவுக்கும் டீச்சருக்கும் நர்ஸுக்கும் மட்டுமே தெரியும். அன்று ஆபீசர் படிக்கட்டுக்குப் போன பிறகு, திரைக்குப் பின்னாலிருந்து மூன்றாவதாக ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லாருக்கும் முன்னதாக வந்து, வாங்கிக்கொண்டு, ஒளிந்து நின்றவர் அவர்: ஆபீசரின் மனைவி. அவர் பையில் இருந்ததும் குடல்தான்.