நேரில் வந்து தரவேண்டும்

"பையனுக்கு முந்தாநாளோட பதினெட்டு முடிஞ்சுதுங்க வக்கீல் சார். இனி நான் அவளுக்கு ஒத்தை ரூபா தரவேண்டியதில்லைதானுங்க?"

உட்காரும் முன்பே கேட்டுவிட்டான் முகமது ரியாஸ். கையில் மகன் ஜாவித்தின் பிறப்புச் சான்றிதழ் நகல்.

வக்கீல் கலீல் ரஹ்மான் அதை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"சட்டப்படி வேண்டியதில்லீங்க. உங்க ஒப்பந்தத்துலயும் பையன் செலவுக்குப் பணம் பதினெட்டு வரைக்கும்னுதான் இருக்கு. ரெண்டு பேரும் முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா கோர்ட்டுல தாக்கல் பண்ணிரலாம். ரூபினாவையும் வரச்சொல்லியிருக்கேன். உட்காருங்க."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து வழக்கில் ரூபினாவுக்காக ஆஜரானவர் அவர்தான். ரியாஸின் வக்கீல் இப்போது ஊரிலேயே இல்லை. அதனால் நேராக இங்கேயே வந்துவிட்டான்.

"பணம் பெருசில்லைங்க. உடுமலையில மண்டி நல்லாத்தான் ஓடுது. தேங்காய் விலையும் ஏறிக் கெடக்கு. ஆனா, அவ என்னைப் படுத்துன பாடு இருக்கே..."

"சொல்லுங்க."

"ஊரே பேங்க்ல பணம் போடுது. இவ மட்டும், மாசம் முத ஞாயித்துக்கிழமை நானே அவ இருக்கற கோட்டைமேட்டுக்கு வந்து பையன் கையில குடுக்கணும்னு எழுதி வாங்கிப்போட்டா. ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டணுங்க. ஒருக்கா ஜிபேல போட்டுவிட்டேன். பத்தே நிமிஷத்துல திருப்பி அனுப்பிப்போட்டா. இன்னொருக்கா மண்டி ஆளுகிட்டக் குடுத்துவிட்டேன். அவனுக்கு டீயும் குடுத்து, பணத்தையும் கையில குடுத்து, 'அவரையே வரச்சொல்லுங்க'ன்னு அனுப்பிப்போட்டா."

கலீல் தாளைப் பிரிண்டரில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, குடுத்துப்போட்டுக் கெளம்பலாம்னா உடுவாளா? பையன் குளிக்கறான், உட்காருங்கம்பா. பணம் குடுக்க வந்தவன்கிட்ட வேலை வேற வாங்குவா. சைக்கிள் செயின் கழண்டு கெடக்கு, மாட்டிக் குடுங்க. முடி வெட்டக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சித்த நேரம் சொல்லிக்குடுங்க. ஏனுங்க, இவளே டீச்சர்! இவளுக்குத் தெரியாத கணக்கா?"

"ம்..."

"பதினொண்ணாவதுல சயின்ஸா காமர்ஸான்னு ஒரே குழப்பம். என்னைய அவன்கூட உட்கார வெச்சுட்டு அவ அடுப்படிக்குப் போயிட்டா. நான் ஊடு போய்ச் சேர அன்னைக்குப் பொழுது சாஞ்சிருச்சு. மண்டியில அத்தனை பேரும் சிரிக்கறாங்க. பிரிஞ்சு போனவளே இந்த ஆட்டு ஆட்டறாளேன்னு."

"பையன் கடைசியில என்னங்க எடுத்தான்?"

"காமர்ஸுங்க. நாஞ் சொன்னதுதான்." ரியாஸ் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கணக்குப் பதிவியல்ல தொண்ணூத்தி நாலு. இப்ப பி.காம் முத வருஷம்."

கதவு திறந்தது. ரூபினா. பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ரியாஸுக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டு, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

கலீல் தாளை நீட்டினார். "படிச்சுப் பாரும்மா. ஆட்சேபணை ஏதாவது இருக்கா?"

முழுசாகப் படித்தாள். "இல்லீங்க சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ரியாஸுக்கு என்னவோ போலிருந்தது. ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தான். காரில் வரும்போதே நாலைந்து பதில்களை யோசித்து வைத்திருந்தான். ஒன்றும் பயன்படவில்லை.

"டிகிரி முடியற வரைக்கும் வேணும்னு நீ கேப்பேன்னு நெனச்சேன்."

"வேண்டாங்க. இந்த வருஷ ஃபீஸ் கட்டிட்டேன்."

"அப்ப இனிமே என்னை அலையவிட முடியாது."

"முடியாதுங்க." ரூபினா எழுந்தாள். "அவன் பெரியவனாயிட்டான். உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல இனி நான் எதுக்குங்க? வாரேன் சார்."

போய்விட்டாள்.

ரியாஸ் தன் கையெழுத்தையும் போட்டான். பேனாவை மூடி வைத்தான். மனசு ஆறவில்லை.

"பார்த்தீங்களா சார்? எவ்வளவு சாதாரணமாப் போறா. அன்னைக்கு என்னமோ பணத்துக்காக அப்படி ஒத்தைக் கால்ல நின்னா. மாசா மாசம் என்னை வாசல்ல வந்து நிக்க வெச்சுப் பார்க்கறதுல அவளுக்கு ஒரு சந்தோஷம். வேறென்ன?"

கலீல் ரஹ்மான் ஃபைலைக் கட்டி ஓரமாக வைத்தார். கேஸ் முடிந்துவிட்டது. இனிச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ரியாஸ், ரூபினா பணமே கேக்கலைங்க. 'எஞ் சம்பளம் எங்க ரெண்டு பேருக்கும் போதும் சார்'னுதான் முதல்ல சொல்லுச்சு."

"அப்புறம் ஏனுங்க எழுதுனீங்க?"

"பையனோட அப்பா வந்து பார்க்கணும்னு மட்டும் எழுதினாப் போதுமாம்மான்னு கேட்டேன். அந்தப் புள்ள ரொம்ப நேரம் யோசிச்சுச்சு. அப்புறம் சொல்லுச்சுங்க: 'பார்க்க வரணும்னு எழுதுனா நாலு மாசம் வருவாரு, அதுக்கப்புறம் மண்டியில வேலைன்னு நின்னுக்குவாரு. பணம்னு எழுதுங்க சார். கோர்ட்டுக்குப் பயந்தாவது எம் பையனைப் பார்க்க அவங்க அத்தா வருவாரு.'"