லேசான வேலை

மணிக்கட்டில் நரம்பு அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு மாதம் கழித்து, மலேசியாவின் பத்து பகாட் நகரிலுள்ள துணித் தொழிற்சாலைக்கு வேலைக்குத் திரும்பினாள் கிருஷ்ணம்மா.

"டாக்டர் லேசான வேலைதான் கொடுக்கச் சொல்லியிருக்காரு, ஆண்டி. ஸ்டோர்ல உக்காந்து லேபிள் ஒட்டுங்க," என்றாள் சூப்பர்வைசர் ஷாமளா.

"வேணாம்மா. பழையபடி பெட்ஷீட்டே மடிக்கிறேன்."

மதியத்துக்குள் விரல்கள் மரத்துப்போயின. கனமான விரிப்பு இரண்டு முறை கையிலிருந்து நழுவியது.

"அலமாக்! ஏன் ஆண்டி இந்தப் பிடிவாதம்? ஸ்டோர்ல தொந்தரவு பண்ண யாருமே இல்ல லா!"

"அதாம்மா வேணாங்கிறேன். அவரு போனதுலேருந்து வீட்லயும் யாருமில்ல. பெட்ஷீட் மடிக்கணும்னா எதிர்ல ஒரு ஆளு நிக்கணும்ல?"

ஷாமளா ஸ்டோருக்குப் போனாள். லேபிள் பெட்டியைத் தூக்கிவந்து, மடிப்பவர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டாள்.